காலடி இல்லாத முற்றம்

இது நடந்தது உரும்பிராயில். இரண்டாம் உலகப் போர் தொடங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்த காலம். எனக்கு இருபத்தொரு வயது. கையில் பெண் குழந்தை. கணவர் மலாயாவில் ரயில்வே கிளாக்கர். நான் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தபோது லீவு முடிந்து கப்பலேறியவர். அம்மாவும் ஐயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. எனக்குச் சீதனமாக வந்த வீட்டில் நான், குழந்தை, என் கணவரின் அக்கா என்று மூன்று பேர் இருந்தோம். அவரை நான் மச்சாள் என்று அழைப்பேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இப்படியும் ஒரு மடைச்சி இருப்பாளா என்று வாசிக்கிறவர்களுக்குக் கோபம் வரும். யாராவது ஒன்றைச் சொன்னால் அது அப்படியே உண்மை என்றுதான் எனக்கு எடுக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள் "வாயைப் பொத்து" என்றார். மணி அடிக்கும்வரை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அவர் அதை நக்கல் என்று நினைத்து அடித்தார். ஆட்களின் முகத்தை நேரே பார்த்தால் அவர்கள் சொல்வது எனக்குக் காதில் ஏறாது. அதனால் நிலத்தைப் பார்த்தபடி கேட்பேன். பனையோலைப் பெட்டி பின்ன உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் வெடி கொளுத்தினாலும் கேட்காது.

முற்றம் கூட்டுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். எங்கள் பகுதி செம்பாட்டு மண். வீட்டு முற்றத்துக்கு மட்டும் ஐயா வண்டி வண்டியாக வெள்ளை மணல் ஏற்றிவந்து பரப்பியிருந்தார். காலை பத்து மணிக்கு நான் வேலிக்கதவான படலையடியில் தொடங்குவேன். பின்பக்கமாக நடந்து, வீட்டு வாசல்வரை விளக்குமாற்றை நேர்கோடாக இழுப்பேன். என் காலடியை என் விளக்குமாறே அழித்துக்கொண்டு வரும். முடிந்த பிறகு பார்த்தால் தலை வாரிவிட்டது போலக் கோடுகள் மட்டும் இருக்கும். அதன்மேல் நடக்க எனக்கு மனம் வராது, வேலியோரமாகச் சுற்றித்தான் போவேன். இதைச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அயலில் இல்லை.

இப்போது இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது. என் பேர்த்தியின் மகனுக்கு ஓட்டிசம் என்று சொல்லி, வைத்தியர் அதன் அடையாளங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பேர்த்தி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "எடியே, இது என்னையல்லோ எழுதிக் கிடக்கு" என்றேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எண்பது வயதுக்கு மேல் அழுது என்ன? அந்தக் காலத்தில் எனக்கு இருந்த பெயர் விசரி, பைத்தியக்காரி.

மச்சாள் என் பிள்ளைப்பேற்றுக்காக வந்தவர். நாற்பது வயது இருக்கும். கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை. அவருடைய குரல் பாகு மாதிரி. அவர் அதட்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வந்து ஒரு கிழமைக்குள் அயலெல்லாம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

என்னிடமும் உயிராகத்தான் இருந்தார். அதை மறைக்கக் கூடாது. பின்னேரங்களில் என்னை முன்னால் இருத்தி எண்ணெய் வைத்துத் தலை இழுத்து விடுவார். இழுத்துக்கொண்டே கேட்பார், நான் எல்லாவற்றையும் சொல்வேன். முகம் பார்க்க முடியாததைச் சொன்னேன். பெட்டி பின்னும்போது உலகமே மறந்துபோவதைச் சொன்னேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லாத விஷயங்கள். அவர் சிரிக்கவில்லை. ஒருநாள் என் காதுக்குக் கிட்டே குனிந்து, "உன்னை ஒருத்தருக்கும் விளங்காது பிள்ளை. எனக்கு மட்டுந்தான் விளங்கும்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இருபத்தொரு வருஷத்தில் ஒருவர் என்னைப் பார்த்து விளங்குது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவர் கிணற்றில் குதி என்றால் குதித்திருப்பேன்.

குழந்தை பிறந்தது. பிறகு மெல்ல மெல்லச் சில விஷயங்கள் மாறின. வேலிக்கு அந்தப் பக்கம் கதைக்கப் போனால், "போகாதை மோனை, நீ திரும்பினாப் பிறகு உன்னை வைச்சுச் சிரிக்கினம், எனக்கு நெஞ்சு பத்துது" என்பார். நான் போவதை விட்டேன். கணவருக்குக் கடிதம் எழுதினால், நான் எழுதுவது வெட்டு ஒன்று துண்டு இரண்டு மாதிரி இருக்கிறது, அவர் மனம் நோகும் என்றார். அதன் பிறகு கடிதத்தையும் மச்சாளே எழுதினார்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பொருட்கள் இடம் மாறத் தொடங்கின. அலுமாரியைப் பூட்டுகிற திறப்பு அரிசிப் பானைக்குள் இருந்தது. கறிக்கு இரண்டு தரம் உப்பு விழுந்திருந்தது. குழந்தையின் சட்டைகள் அடுப்படியில் விறகோடு கிடந்தன. நான் எந்தப் பொருளையும் வைத்த இடத்தில் வைக்கிறவள். ஒரு சிரட்டை திரும்பியிருந்தாலும் எனக்குத் தெரியும். "நான் வைக்கேல்லை மச்சாள்" என்பேன். அவர் என்னைக் கனநேரம் பார்ப்பார். "நீதான் வைச்சனி. நான் கண்டனான். உனக்கு ஞாபகம் இல்லையே?" என்று அவ்வளவு கவலையோடு கேட்பார். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மச்சாள் கண்டேன் என்கிறார். கண்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர் கண்டிருக்க வேண்டும். காணாததைக் கண்டேன் என்று சொல்ல ஒரு மனிதருக்கு என்ன தேவை? என் மூளைக்குள் அந்தக் கேள்வி வரவே இல்லை.

குழந்தைக்கு ஐந்து மாதம் நடந்தபோது அது நடந்தது. உச்சி வெயில் நேரத்தை நாங்கள் உருமம் என்போம். உருமத்தில் பெண்கள் கிணற்றடியில் தனியே நிற்கக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் கொத்தி என்ற பேய் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த நேரத்தில் ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இருக்காது. காகம்கூடக் கத்தாது. நான் பின் அறையில் பெட்டி பின்னிக்கொண்டிருந்தேன். குழந்தை நடு அறையில் ஏணையில் தூங்கியது. சேலையில் கட்டும் தொட்டிலைத்தான் ஏணை என்போம்.

மச்சாள் என்னைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. "பிள்ளை எங்கை? பிள்ளையை எங்கை கொண்டுபோய் வைச்சனி?" ஏணை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தை கிணற்றடியில், துவைக்கிற கல்லின்மேல் கிடந்தது. கிணற்றுக்கட்டு என் முழங்கால் உயரம்கூட இல்லை. குழந்தை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தது. நான் அவளை வாரித் தூக்கினேன்.

நான்தான் தூக்கிக்கொண்டு போனேன் என்றார் மச்சாள். தலைமயிரை விரித்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனேனாம். அவர் கூப்பிட்டாராம், நான் திரும்பிப் பார்த்தேனாம். "பார்த்தது நீ இல்லைப் பிள்ளை. அது உன்ரை கண் இல்லை" என்றார். மணலைப் பார்த்தேன். நான் இப்போது ஓடிவந்த தடத்தைத் தவிர, வீட்டிலிருந்து கிணற்றடிக்குப் போய்த் திரும்பிய ஒரு ஆளின் காலடி இருந்தது. அகன்ற பாதம். "இது உங்கடை கால் மச்சாள்" என்றேன். உன் பின்னால் ஓடிவந்த தடம் என்றார். சரி, அதுவும் நியாயம். "அப்ப பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன என்ரை கால் எங்கை?" என்று கேட்டேன். அவர் குனிந்து மணலைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு" என்றார்.

அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது.

ஒரு கிழமை கழித்து இரண்டாம் தரம் நடந்தது. அதே நேரம், அதே கல். மச்சாள் சமையலறையான குசினி வாசலில் நின்றே கத்திக் கத்தி என்னை எழுப்பினார், முற்றத்தில் கால் வைக்கவில்லை. நான் ஓடினேன். குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்த பிறகு திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மணலில் நான் ஓடிவந்த தடத்தைத் தவிர ஒரு தடமும் இல்லை. யாருடைய காலும் இல்லை. மணலில் ஒருவரும் நடக்காமல் என் குழந்தை நாற்பது அடி தூரம் வந்திருக்கிறது.

"கொத்திக்குக் கால் நிலத்திலை படாது" என்றார் மச்சாள்.

அதன் பிறகு நான் வாழ்ந்த வாழ்க்கையை என்னவென்று சொல்வது! முகம் கழுவும்போது வாளித் தண்ணீரில் என் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அதற்குள் இருந்து வேறு யாராவது பார்ப்பார்கள் என்று பயம். குழந்தையைத் தொடவே கை கூசியது. என் கைதான் அவளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகிறது என்றால், அந்தக் கையால் எப்படித் தூக்குவது? பால் கொடுக்கும் நேரம் தவிர அவளை மச்சாளிடமே விட்டேன். அவர் தாலாட்டுவது அறைக்குள் கேட்கும். அவ்வளவு இனிமையாகப் பாடுவார். குழந்தை அவர் மடியில் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு இருப்பேன். அப்போதெல்லாம் எனக்கு அவர்மேல் நன்றிதான் இருந்தது. என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றுகிறாரே!

ஆனாலும் எனக்கு எதையும் சரிபார்க்காமல் இருக்க முடியாது, அது என் சுபாவம். ஒருநாள் உருமத்துக்கு முன்பு, பழைய சேலைக் கிழிசலை எடுத்து என் வலது காலைத் தூணோடு கட்டினேன். ஏழு முடிச்சு. நான் எழும்பினால் அவிழ்த்தாக வேண்டும், அவிழ்த்தால் எனக்குத் தெரியும் என்பது என் கணக்கு. கட்டிவிட்டுப் பெட்டி பின்னினேன். மச்சாளின் கத்தல் கேட்டது. கீழே பார்த்தேன். ஏழு முடிச்சும் அப்படியே இருந்தது. ஓலை வார்கிற கத்தியால் தூணடியில் கிழிசலை அறுத்துக்கொண்டு ஓடினேன், குழந்தை கிணற்றடியில் இருந்தது.

உங்களில் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் உடனே பிடித்திருப்பீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மச்சாளிடமே போய், "கட்டு அவிழேல்லை மச்சாள், நான் போகேல்லை" என்று காலைக் காட்டினேன். அவர் குனிந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "அவிட்டுப்போட்டுத் திருப்பிக் கட்டியிருக்கிறாய் மோனை. ஏழும் முந்தின மாதிரியே கிடக்கு, பார். இது மனிசர் கட்டின கட்டே?" என்றார். அவர் விரல் என் காலில் ஊர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நான் நம்பினேன். மூச்சு விடாமல் நம்பினேன்.

அன்று குழந்தை கல்லின்மேல் கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் குப்புறப் பிரளத் தொடங்கியிருந்தாள். கல்லிலிருந்து உருண்டு, கிணற்றுக்கட்டில் தலை முட்டக் கிடந்தாள். இன்னும் ஒரு தரம் உருண்டிருந்தால், கட்டில்லாத பக்கம், துலாக்கயிறு இறங்குகிற இடம். அதை நினைக்கவே கூடாது.

மச்சாள் கோப்பாயிலிருந்த என் அம்மானுக்கு ஆள் அனுப்பினார். அம்மாவின் தம்பி அவர். புகையிலைத் தோட்டக்காரர், என் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே உறவு. அவர் வந்து மச்சாளோடு கதைத்துவிட்டுப் போனார். என்னிடம் மச்சாள்தான் முடிவைச் சொன்னார். குழந்தையை அவர் தன் ஊருக்குக் கொண்டுபோய் வளர்ப்பார். என்னை ஒரு கோயிலில் நாற்பத்தெட்டு நாள் கட்டி வைத்து மந்திரிக்க வேண்டும். சுகமானால் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். என் கணவரும் அக்கா சொல்வது போலச் செய் என்று எழுதியிருந்தார். சுகமானேன் என்று யார் சொல்வது என்று கேட்டேன். "நான் சொல்லுவன்" என்றார் மச்சாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மான் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. அன்றும் பத்து மணிக்கு நான் முற்றம் கூட்டினேன். இனி இந்த முற்றம் எனக்கு இல்லை என்று தெரிந்தும், ஒரு கோடு பிசகாமல் கூட்டினேன். கூட்டாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. பிறகு பெட்டியை எடுத்தேன். குழந்தையின் சட்டைகளை வைத்து அனுப்ப ஒரு மூடுபெட்டி பின்னிக்கொண்டிருந்தேன், அதன் மூடி முடியவில்லை. கண்ணீர் விழுந்து ஓலை நனைந்தது. இருந்தும் கை ஓட ஓட மற்றதெல்லாம் மறைந்துபோயிற்று.

மச்சாளின் ஓலம்தான் என்னை எழுப்பியது. "ஐயா, ஓடியாங்கோ! உங்கடை கண்ணாலை பாருங்கோ! இண்டைக்கும் கொண்டுபோய் வைச்சிட்டாள்!" நான் வாசலுக்கு வந்தபோது அம்மான் படலையால் உள்ளே வந்திருந்தார். அவருக்குப் பின்னால் வண்டிக்காரரும் அயலவர் இரண்டு பேரும். அம்மான் வேலியோரமாக ஓடி, கிணற்றடியில் கிடந்த குழந்தையைத் தூக்கினார். அதே வழியாகப் படலையடிக்கே திரும்பி வந்து நின்றார். மச்சாள் வீட்டோரமாகப் போய் அவர் அருகில் நின்று அழத் தொடங்கினார்.

மற்ற நாட்களில் நான் குழந்தையிடம் தலைகால் தெரியாமல் ஓடியிருப்பேன். அன்றைக்கு அவள் அம்மானின் தோளில் பத்திரமாக இருந்தாள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை முகங்களை என்னால் தாங்க முடியவில்லை. வழக்கம்போல நிலத்தைப் பார்த்தேன்.

என் கோடுகள் படலையிலிருந்து வாசல்வரை நேராகக் கிடந்தன. ஆனால் குசினி வாசலிலிருந்து கிணற்றடிவரை ஒரு பாய் அகலத்துக்கு என் கோடு இல்லை. அங்கே அரைவட்டம் அரைவட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வேறு ஒரு கை கூட்டியிருந்தது. கிணற்றடியில் தொடங்கி, பின்பக்கமாக நடந்து, குசினி வாசலில் முடித்திருந்தது. இதற்கு முன்பு நான் காலடியைத்தான் தேடினேன். கூட்டின அடையாளத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"இது நான் கூட்டினது இல்லை" என்றேன்.

யாரும் நிலத்தைப் பார்க்கவில்லை. திரும்பவும் சொன்னேன். மச்சாள் அழுகைக்கு நடுவே ஒரு பெருமூச்சு விட்டார். "பாத்தியளே ஐயா? பிள்ளை கிணத்துக்கை விழப் பாத்தது, இவள் முத்தம் கூட்டினதைக் கதைக்கிறாள். பாவம், இவளின்ரை நிலைமை இதுதான்." வண்டிக்காரர் வாய்க்குள் சிரித்தார். அயல் பெண் ஒருத்தி உச்சுக் கொட்டினாள். நான் மூன்றாம் தரமும் சொன்னேன். எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. மச்சாள் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அப்படி ஒரு எண்ணமே எனக்கு இல்லை. என் முற்றத்தில் ஒரு பிழை இருக்கிறது, அதைத்தான் சொன்னேன்.

அம்மான் புகையிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் மண்ணோடு கிடந்தவர். நாலு பேர் சேர்ந்து கொத்திய தரையைப் பார்த்து, இது இன்னார் மண்வெட்டி, இது இன்னார் மண்வெட்டி என்று பிரித்துச் சொல்லக்கூடியவர். எங்கள் ஊர்த் தோட்டக்காரருக்கு அது பெரிய வித்தையும் இல்லை. அவர் குழந்தையோடு வந்து, கோட்டின்மேல் மிதிக்காமல் ஓரமாகக் குந்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்பயடி பிள்ளை கூட்டினனி?"

"பத்து மணிக்கு அம்மான். படலையிலை இருந்து வாசலுக்கு. நேராய்."

"ஒவ்வொரு நாளும் அப்பிடித்தானே?"

"ஓம்."

குசினிச் சுவரோடு நான் சாத்தி வைக்கும் விளக்குமாறு வாசலில் விழுந்து கிடந்தது. அம்மான் எழும்பிப் போய் அதை எடுத்து மச்சாளிடம் நீட்டினார். கோபமே இல்லாமல், தண்ணீர் கேட்பது போலக் கேட்டார். "பிள்ளை, இதிலை ஒருக்கா கூட்டிக் காட்டு பாப்பம்."

மச்சாளின் அழுகை நின்றது. ஒரு விளக்கை ஊதி அணைத்தது போல நின்றது, விக்கல்கூட இல்லை. "எனக்கு நாரி நோ, குனிய ஏலாது" என்றார். அம்மான் விளக்குமாற்றை நீட்டியபடியே நின்றார். மச்சாள் வாங்கவில்லை. வண்டிக்காரர் மெல்ல நகர்ந்து மாட்டடிக்குப் போனார். உச்சுக் கொட்டிய பெண் வாயில் கை வைத்தாள்.

அம்மான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். குழந்தையை என் கையில் தந்தார். "பிள்ளை தாயோடை இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பால் தேடியது. ஒரு மாதத்துக்குப் பிறகு பயமில்லாமல் அவளைத் தூக்கியிருந்தேன். அம்மான் அன்று திரும்பிப் போகவில்லை, வாசலில் பாயைப் போட்டுப் படுத்தார்.

அடுத்த நாள் காலை மச்சாள் தன் பெட்டியைக் கட்டினார். புறப்படும் முன்பு, ஒன்றும் நடக்காதது போல, என்னை முன்னால் இருத்தித் தலை இழுத்துப் பின்னிவிட்டார். நான் இருந்தேன். எழும்ப எனக்குத் தெரியவில்லை. பின்னி முடித்து, வழக்கம்போலக் காதுக்குக் கிட்டே குனிந்தார்.

"நேற்றைக்கும் நீதான் கூட்டினனி பிள்ளை. உனக்கு ஞாபகம் இல்லை."

அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இல்லை. அதே பாகு. நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "ஓம் மச்சாள்" என்றேன். என் கண்ணால் கண்ட பிறகு, அம்மான் கண்ட பிறகு, அவர் விளக்குமாற்றை வாங்காமல் நின்றதைப் பார்த்த பிறகு, "ஓம்" என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "போட்டு வாறன்" என்று வண்டியில் ஏறினார்.

பிறகு உருமத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் கனநாள் காலைத் தூணோடு கட்டிக்கொண்டுதான் பெட்டி பின்னினேன். ஊர் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. மச்சாள் போன இடமெல்லாம் தன் பக்கத்துக் கதையைச் சொல்லியிருந்தார், அதை நம்பியவர்கள்தான் அதிகம். கணவரும் என்னை நம்பவில்லை. "அக்கா அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை" என்று எழுதினார். போர் வந்து மலாயாவுக்குக் கடிதப் போக்குவரத்து நின்றுபோனது. போர் முடிந்து அவர் வந்து இறங்கியபோது மகளுக்கு எட்டு வயது. ஒருவேளை அந்த வெள்ளிக்கிழமை வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போயிருந்தால், அத்தனை வருஷமும் கேட்க ஒரு நாதி இருந்திராது. கணவர் நல்ல மனிதர், நாங்கள் குறைவில்லாமல் வாழ்ந்தோம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் தொடுவதில்லை.

மச்சாள் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்பார்கள். பிள்ளை ஆசை என்பார்கள். அது இருக்கலாம், அவர் என் மகளைக் கொஞ்சியது பொய்யில்லை. ஆனால் உருண்டு விழக்கூடிய குழந்தையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, தன் காலடியைக் கூட்டிக்கொண்டு நிதானமாகப் பின்னே நடக்கவும் அவரால் முடிந்தது. என்னால் இரண்டையும் ஒரு ஆளுக்குள் சேர்த்து வைக்க முடியவில்லை. முகம் பார்த்து ஆளை அறியத் தெரிந்தவர்களும் அவரை அறியவில்லை என்பதுதான் எனக்கு ஒரு ஆறுதல்.

மகளுக்குப் பதினைந்து வயதில் யாரோ ஒருத்தி அவளைக் "கொத்தி தூக்கின பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். அவள் நேரே என்னிடம் வந்து நின்றாள். "அம்மா, என்னை ஆர் கிணத்தடிக்குக் கொண்டுபோனது?" என்று கேட்டாள். "மாமிதான், அப்பாவின்ரை அக்கா" என்று பதில் சொன்னேன். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் தயங்கினேன். நானாக இருக்குமோ என்று என் கைகளைப் பார்த்தேன். அதை மகள் கண்டாள். என் பிள்ளையை அந்தப் பெண்ணிடமிருந்து என்னால் மீட்க முடிந்தது. அந்த ஒரு மூச்சு நேரத்தை மட்டும் அவர் கொண்டுபோனவர்தான், அவர் செத்து இத்தனை வருஷமாகியும் அதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.